வடிதாளில் படிந்த கடல்

இரவு இரண்டு மணி. வெயில் கண்ணைக் கூசுகிறது. கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் நடுவே ஃபிராம் நீரிணையில் நிற்கிறது ‘போலார்ஷ்டெர்ன்’. ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகெனர் நிறுவனம் 1982 முதல் ஓட்டிவரும் 118 மீட்டர் நீளப் பனியுடைப்புக் கப்பல். ஹெல்மெட்டும் மிதவை அங்கியும் மாட்டிக்கொண்டு தளத்துக்குப் போனேன். நுண்ணுயிரியலாளர் எனக்கு முன்பே வந்து, வின்ச் சுற்றுவதைப் பார்த்தபடி நின்றார்.

சிடிடி என்று எல்லோரும் அழைக்கும் கருவி மேலேறி வந்தது. வட்டச் சட்டத்தில் 24 குப்பிகள். ஒவ்வொன்றும் 12 லிட்டர் கொள்ளும். இரு முனையும் திறந்தபடி கீழே போகும். வெப்பமும் உப்பும் ஆழமும் கேபிள் வழியே திரைக்கு வந்துகொண்டிருக்கும். திரும்பும் வழியில், வேண்டிய ஆழத்தில் நிறுத்திப் பொத்தானைத் தட்டினால் ஒரு குப்பி மூடிக்கொள்ளும். 2,500 மீட்டர் போய்வர ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

தண்ணீர் பிடிப்பதில் வரிசை உண்டு. காற்றுப் பட்டால் அளவு மாறிவிடும் என்பதால் ஆக்சிஜன் பார்ப்பவர்களுக்கே முதலிடம். அவர்கள் நகர்ந்ததும் நுண்ணுயிரியலாளர் குழாயைச் சொருகி, கேனைச் சிறிது நீரால் மூன்று முறை அலசிவிட்டு நிரப்பினார். அப்புறம் ஓட்டமும் நடையும்தான். குப்பிக்குள் அடைபட்டு, சூடும் ஏறினால் நுண்ணுயிர்க் கூட்டத்தில் யார் பெருகுவது, யார் சாவது என்பதே மாறிவிடுமாம். அதனால் குளிரூட்டிய அறையில், குல்லாயைக்கூடக் கழற்றாமல் வேலை.

பம்ப் தண்ணீரை வடிதாளின் வழியே தள்ளுகிறது. தாளின் துளை 0.2 மைக்ரோமீட்டர், பெரும்பாலான பாக்டீரியாக்கள் மேலேயே தங்கிவிடும். மேற்பரப்பு நீர் விட்டதும் தாள் மெல்ல மெல்லப் பச்சையும் பழுப்புமாகி அடைத்துக்கொண்டது. ஆழ்கடல் நீருக்கோ, லிட்டர் லிட்டராக ஊற்றியும் தாள் வெள்ளையாகவே கிடந்தது. இரண்டிலும் உயிர் இருக்கிறது. இடுக்கியால் தாளை உட்புறமாக மடித்து, விரல் பருமன் குழாயில் போட்டு, திரவ நைட்ரஜனில் இறக்கினார். டிஎன்ஏவைப் படிப்பது ஊர் திரும்பிய பிறகுதான். கப்பலில் செய்யக்கூடியது எண்ணிப் பார்ப்பது: சாயமேற்றிய சொட்டு நுண்ணோக்கியின் புறஊதா ஒளியில் நீலப் புள்ளிகளாக மின்னியது. கோடையில் மேல்நீரின் ஒரு மில்லிலிட்டரில் இப்படி லட்சக்கணக்கில் இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? நீரிணையின் கிழக்கே அட்லாண்டிக்கின் வெதுநீர் வடக்கே ஏறுகிறது. மேற்கே துருவப் பனி தெற்கே இறங்குகிறது. பனி குறைந்தால் பாசி மாறும், பாசியைத் தின்னும் பாக்டீரியா மாறும், அடிக்குப் போய்ச்சேரும் கார்பனும் மாறும். 2012இல் ஆர்க்டிக் கடல்பனி அதுவரை இல்லாத அளவு, 34 லட்சம் சதுர கிலோமீட்டர்வரை சுருங்கியது. அந்தக் கோடையில் ஆண்ட்யே போஷியுஸ் தலைமையில் இதே கப்பலில் போன குழு, மத்திய ஆர்க்டிக்கில் 4,000 மீட்டருக்கும் கீழே ‘மெலோசிரா ஆர்க்டிகா’ என்னும் பனிப்பாசி கட்டிகட்டியாகக் கிடக்கக் கண்டது. அவற்றின் அடியில் சேற்றின் ஆக்சிஜனை பாக்டீரியாக்கள் தின்று தீர்த்திருந்தன.

ஒரு கோடையில் கண்டதை வைத்து இது மாற்றமா, அந்த ஆண்டின் கோணலா என்று சொல்ல முடியாது. அதனால்தான் இந்த நீரிணையில் 1999இல் தொடங்கிய ‘ஹவுஸ்கார்ட்டன்’ ஆய்வுத்தளத்தின் நிலையங்களுக்கு ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். புதுமை எதுவும் வேண்டாம். போன முறை செய்த மாதிரியே இந்த முறையும் செய்திருக்க வேண்டும். கேனை மூன்று முறை அலசுவதும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.