முந்நூறு ரூபாய் எப்போது வரும்?

2025 ஏப்ரல் விலையேற்றத்துக்குப் பிறகு சென்னையில் 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. ஏழை வீடுகளுக்கான மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் இணைப்பு உள்ளவருக்கு 300 ரூபாய் மானியம். ஆக 568.50தானே என்று கணக்குப் போடுவது நகரத்துக்காரர் புத்தி. சிலிண்டர் வாசலுக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியது முழுத்தொகை. முந்நூறு பிறகுதான் வங்கியில் ஏறும்.

*

முதுகுளத்தூர் பக்கம் ஒரு வீடு. சிலிண்டர் அடுப்பங்கரை மூலையில், மேலே மடித்த சாக்கு. காலை டீக்கும் விருந்தாளி வந்தாலும் கேஸ். சோறும் வெந்நீரும் வெளியே கருவேல முள் விறகில். "முந்நூறு ஏறிருச்சுன்னு மெசேஜ் வரும்ணே. அதை எடுக்க பஸ் ஏறி டவுனுக்குப் போகணும். அன்னைக்குக் கூலி போச்சு." முள்ளுக்குக் காசில்லை. வெட்டுகிற கைக்கும் புகை தின்கிற கண்ணுக்கும் யாரும் விலை வைப்பதில்லை.

*

உஜ்வலா 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசம் பலியாவில் தொடங்கியது. இணைப்பு வீட்டுப் பெண் பெயரில். அது நல்ல முடிவு. ஆனால் அடுப்புக்கும் முதல் சிலிண்டருக்கும் கடன் வாங்கியவர்களின் மானியம் அந்தக் கடனுக்கே பிடிக்கப்பட்டது. ஏழை வீடு முதல் சில சிலிண்டர்களைச் சந்தை விலையில் வாங்கியது. 2018இல்தான் ஆறு சிலிண்டர் வரை பிடித்தம் தள்ளிவைக்கப்பட்டது. பழக்கம் ஒட்டவேண்டிய நாளில் சுமை!

*

உஜ்வலா வீடுகளின் சராசரி: 2019-20இல் ஆண்டுக்கு மூன்று சிலிண்டர், 2023-24இல் 3.95. நாலு வாங்கினால் மானியம் 1,200. 2025-26க்கு உச்சவரம்பு ஒன்பது. ஒன்பதும் வாங்க முடிந்தவருக்கு 2,700. விறகோடு மல்லுக்கட்டுகிற வீட்டுக்குத்தான் குறைவு.

*

2025 ஆகஸ்ட் 8. ஒரே நாளில் மத்திய அமைச்சரவையின் இரண்டு ஒப்புதல்கள். உஜ்வலா மானியத்துக்கு 12,000 கோடி. அடக்கவிலைக்குக் கீழே விற்ற மூன்று எண்ணெய் நிறுவனங்களுக்கு 30,000 கோடி. இரண்டாவது, வீட்டுச் சிலிண்டர் வாங்கும் எல்லோருக்கும் விலையை அடக்கி வைத்ததன் செலவு. மாதம் ஒன்று தீர்க்கும் என் வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. முதுகுளத்தூர் வீட்டைவிட அதிகம். 2015இல் 'மானியத்தை விட்டுக்கொடுங்கள்' என்று வசதியானவர்களைக் கேட்டார்கள். ஒரு கோடிப் பேருக்கு மேல் விட்டுக்கொடுத்தார்கள். இப்போது யாரும் யாரையும் கேட்பதில்லை.

*

செய்யக்கூடியது: ஆண்டின் முதல் நாலு சிலிண்டருக்கு மானியத்தை 500 ஆக்கலாம். பத்து கோடி இணைப்பு, நாலு சிலிண்டர், கூடுதலாக 200 ரூபாய் என்றால் 8,000 கோடி. மலிந்தால் இன்னும் வாங்குவார்கள், செலவும் கூடும். கூடட்டும், அதற்குத்தானே திட்டம்.

இன்னொன்று, வாசலிலேயே கழித்துக்கொண்டு மீதியை மட்டும் வாங்குவது. 2015க்கு முன் அப்படித்தான் இருந்தது. போலி இணைப்புகளும் டீக்கடைக்குப் போன வீட்டுச் சிலிண்டர்களும் அதன் மறுபக்கம். ஆனால் இன்று ஆதார் இருக்கிறது, சிலிண்டர் இறக்கும்போது கேட்கும் ஓடிபி இருக்கிறது. ஏஜென்சிக்கு அரசு நேரே பணம் கட்டினால் போதும்.

*

5 கிலோ சிலிண்டரும் உண்டு. கூலி வாங்கிய அன்று வாங்கக்கூடிய அளவு. இந்தோனேசியாவில் 3 கிலோ பச்சைச் சிலிண்டர் பெட்டிக்கடையில் கிடைக்கிறது. வசதியானவர்களும் அதையே வாங்குகிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் சில்லறை விற்பனையை நிறுத்தினார்கள். வரிசை நீண்டது, சில நாளில் தடையை விலக்கினார்கள். யார் வாங்குகிறார் என்று பார்ப்பதற்காகக் கடையைத் தூரமாக்கினால் முதலில் நடக்கவேண்டியவர் ஏழைதான். நம்மூரில் சின்ன சிலிண்டரை ரேஷன் கடையில் வைத்து, மானியத்தை அங்கேயே கழிக்கலாம். குடும்ப அட்டை விவரம் அங்கே இருக்கிறது, கைரேகை இயந்திரமும் இருக்கிறது.