காஜாங்கில் ஒரு கம்பிக் கார்

காஜாங் என்றதும் உங்கள் நாவில் சாத்தே ஊறுகிறதா? குற்றமில்லை. பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் கொமுட்டர் இரயில் ஏறியபோது எனக்கும் வேர்க்கடலைக் குழம்பு நினைவுதான். ஆனால் காஜாங் நிலையத்து வாசலில் நான் கண்ட காட்சியில் பசியே மறந்துபோனது.

என்னை அழைத்துச் செல்ல வந்த நண்பர் செமினி சாலையோரத் தோட்டம் ஒன்றில் பால்மரத் தொழிலாளிக்குப் பிறந்தவர். கையில் அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருப்பவர். அவருடைய பழைய புரோட்டோன் சாகாவைப் பாருங்கள்! கூரையில் காந்தத்தால் ஒட்டிய ஏரியல் ஒன்று. பின்பக்கம் இரும்புப் பட்டையில் நிற்பது இன்னொன்று. மூன்றாவதைச் சைக்கிள் டியூப்பால் கட்டியிருந்தார். உள்ளே பலகைத் துண்டின் மேல் வானொலிப் பெட்டி. முகம் பார்க்கும் கண்ணாடியில் ரப்பர் வளையம் போட்டுத் தொங்கும் மைக். கீழே கம்பிகள் இடியாப்பமாகப் பின்னிக் கிடந்தன.

"காலை மெதுவா வைங்க தம்பி, அந்தச் சிவப்புக் கம்பியை மிதிச்சா நான் ஊமையாயிடுவேன்" என்றார்.

எண்ணெய் நிலையத்தில் நிறுத்தினோம். ஒரு சிறுவன் கூரையை அண்ணாந்து பார்த்து, "அங்கிள், இதுல ஆஸ்ட்ரோ வருமா?" என்று கேட்டான். நண்பரின் மனைவி சொல்வதோ வேறு: "இந்தக் காருல நான் உட்கார இடமில்லை. ஊரே பேச மட்டும் இடமிருக்கு!"

வண்டி புறப்பட்டதும் மைக்கைப் பிடித்துத் தம் அழைப்புக் குறியைச் சொன்னார். நம் தீபகற்பத்தில் அது பெரும்பாலும் 9எம்2 அல்லது 9டபிள்யூ2 என்று தொடங்கும். எதிர்முனைக்காரர் வணக்கம் சொல்லவில்லை. "அண்ணே, வேகத்தைக் குறைங்க, உங்க நாதஸ்வரம் காதைக் கிழிக்குது!" என்றார். காரின் மின்னாக்கியிலிருந்து வரும் இரைச்சல் கம்பி வழியே பேச்சில் கலந்துவிடுமாம். எண்ணெயை அழுத்த அழுத்தச் சுருதியும் ஏறும்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீங்களும் சிரித்திருப்பீர்கள். ஆனால் வாசகர்களே, படகுக்கும் மாட்டுவண்டிக்கும் கூரையாக ஓலையில் முடையும் பாய்க்கு மலாயில் 'காஜாங்' என்று பெயர். ஊருக்கே அதனால்தான் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். கைக்குக் கிடைத்ததை முடைந்து காரியம் பார்ப்பவரை இந்த ஊரில் கேலி செய்வது எப்படி?

சாத்தே கடையில் உட்கார்ந்ததும் கேட்டேன்: "அண்ணே, சட்டைப் பையில கைப்பேசி இருக்கையில இத்தனை கம்பி எதுக்கு?"

"கோபுரம் விழுந்தா கைப்பேசி வெறும் கடிகாரம்தான் தம்பி" என்றார். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். தொலைபேசி செயலற்ற தீவுகளின் செய்தியை அவர்களுடைய பெட்டிகள் வெளியுலகுக்குக் கொண்டு சேர்த்தன. நமக்கோ 2021 டிசம்பரில் உலு லங்காட் வெள்ளத்தில் தவித்தது மறந்திருக்காது.

பிறகு நண்பர் குரலைத் தாழ்த்தினார்.

"ஒருமுறை பேட்டரியிலிருந்து ஃபியூஸ் இல்லாம நேரா கம்பி இழுத்தேன். எஞ்சின் பக்கத்துத் தகர ஓட்டையில உரசி, தோல் தேய்ஞ்சு, கம்பி தகரத்துல பட்டுருச்சு. அடுத்த நிமிஷம் காருக்குள்ள புகை. பின் சீட்டுல மகள் தூங்கிக்கிட்டிருந்தா. அவளைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்."

சாத்தேக் குச்சி என் கையிலேயே நின்றது. ஐம்பது வாட் பெட்டி பேசும்போது ஏறக்குறைய 10 ஆம்பியர் இழுக்கும். ஆனால் கம்பி தகரத்தில் பட்டுவிட்டால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். அப்போது மெல்லிய கம்பி அடுப்புக் கம்பியாகப் பழுத்துவிடும். இப்போது அவர் பேட்டரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டிருக்கிறார். கம்பி நுழையும் ஓட்டைக்கு ரப்பர் வளையமும் மாட்டியிருக்கிறார். மற்ற இடியாப்பம் அப்படியேதான் இருக்கிறது. சிரிக்க வேண்டியது எது, அஞ்ச வேண்டியது எது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

தாய்மார்களே, தந்தையரே! உங்கள் வீட்டிலும் ஒரு பையனோ பெண்ணோ ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கியிருக்கலாம். லயத்துக் கூரையில் செம்புக் கம்பி கட்டித் தூரத்து நிலையம் தேடியவர்களின் பேரப் பிள்ளைகள்தானே! அடிக்காதீர்கள். அமெச்சூர் வானொலித் தேர்வு எழுதச் சொல்லுங்கள். தொடர்பு, பல்லூடக ஆணையம் உரிமம் தருகிறது. உரிமமின்றி ஒலிபரப்புவது 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லி வையுங்கள்.

கம்பி கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஃபியூஸ் மட்டும் இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை குனிந்து பார்த்துவிடுங்கள்.