எங்கள் அணி

வெற்றி பெற்றவர் பக்கம் நிற்பதற்கு ஒருவரும் கற்றுத் தர வேண்டியதில்லை. கூட்டம் தானாகவே அங்குச் சென்று சேர்கின்றது. தோற்றவர் பக்கம் நிற்பது அத்துணை எளிதன்று. அதனை நான் ஒரு கிரிக்கெட்டு அணியிடத்தும் என் தந்தையாரிடத்தும் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ளும் முன் ஒரு முறை தவறியும் போனேன். அக்கதையை மாணவர்களாகிய உங்களுக்கு மறைக்காமற் கூறுகின்றேன்.

என் ஊர் மாரமங்கலம். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டை அடைந்து, அங்கிருந்து மேலும் மலைப்பாதையிற் சென்றால் எங்கள் ஊர் வரும். காப்பித் தோட்டங்களும், அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக்கு மரங்களும், அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகளும் சூழ்ந்த ஊர் அது. சமதரை எங்களுக்கு அரிய பொருள். ஆகையால் சிறுவராய் இருந்தபோது சரிவான நிலத்திலேயே பந்தாடினோம். மேட்டிலிருந்து வீசுபவனுக்கு வேகம் மிகும். பள்ளத்திலிருந்து வீசுபவனுக்கு மூச்சு வாங்கும். ஓங்கி அடித்தாற் பந்து உருண்டோடிக் காப்பிச் செடிகளுக்குள் மறைந்துவிடும். அடித்தவனே இறங்கித் தேடிக் கொணர வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆதலால் எங்களுள் ஒருவனும் ஆறு ஓட்டம் அடிக்க ஆசைப்பட்டதில்லை!

கிரிக்கெட்டில் நம் நாட்டார் பெரிதும் போற்றுவது இந்தியப் பிரிமியர் லீக்குப் போட்டியாகும். 2008ஆம் ஆண்டிலே தொடங்கிய அதில் உலகப் புகழ் பெற்ற வீரர்கள் ஆடுகின்றனர். அதற்குக் கீழே அடுத்த படியாக நம் மாநிலத்தில் அமைந்தது தமிழ்நாடு பிரிமியர் லீக்கு. 2016ஆம் ஆண்டிலே தொடங்கிய இப்போட்டியில் எட்டு அணிகள் உண்டு. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழு அணிகளோடும் ஆடும். முதல் நான்கு இடங்களைப் பெற்றவை மட்டுமே அடுத்த சுற்றுக்குச் செல்லும். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிசுப் பந்தைக் கொண்டு ஆடி வளர்ந்த நடராசன், 2016இல் இப்போட்டியில் திண்டுக்கல் அணிக்காகப் பந்து வீசிப் பெயர் பெற்றார். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், ஆசுதிரேலியச் சுற்றுப்பயணம் ஒன்றிலேயே இந்தியாவுக்காக மூவகை ஆட்டங்களிலும் முதன்முறையாகக் களம் இறங்கினார். சிற்றூர்ப் பிள்ளைகள் ஏறிச் செல்லும் ஏணியில் இஃது ஒரு படி என்பதனை நாங்கள் அன்று உணர்ந்தோம்.

எங்கள் மாவட்டத்தின் பெயரைத் தாங்கிய அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ். இவ்வணி முதலில் தூத்துக்குடியின் பெயரால் விளங்கியது. 2016ஆம் ஆண்டின் முதற் கோப்பையையும் அப்பெயராலேயே வென்றது. பின்னர்ச் சேலத்து அணியாகி, 2021 முதல் அப்பெயருடன் ஆடி வந்தது. அவ்வாண்டில் நோய்த்தொற்றின் காரணமாகப் பந்தயங்கள் யாவும் சென்னையில், பார்வையாளர் இன்றியே நடைபெற்றன. ஆகையால் எங்கள் அணியை எங்கள் மாவட்டத்திலேயே காணும் பேறு 2022இல்தான் வாய்த்தது. சேலம் பெயர் பூண்டபின் அவ்வணி பெற்ற பேறு பெரிதன்று. 2021 முதல் 2025 வரையிலான ஐந்து ஆண்டுகளில் அது ஒரு முறையேனும் முதல் நான்கு இடங்களுள் வரவில்லை.

வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் 2020ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட மைதானத்தில் சேலத்துப் பந்தயங்கள் நடைபெறும். பந்தயக் காலத்தில் எங்கள் மலையில் மழையும் மூடுபனியும் குடிகொண்டிருக்கும். நானும் நண்பர் இருவரும் ஏற்காட்டை அடைந்து, குப்பனூர் வழியாக இறங்கும் பாதையிற் சமவெளிக்கு வந்து, அயோத்தியாப்பட்டணத்தில் வாழப்பாடிப் பேருந்தைப் பிடித்தோம். காலையில் உடுத்த கம்பளிச் சட்டை நண்பகலிற் கையிற் சுமையாயிற்று. மாலையில் விளக்குகள் எரிந்தன. பச்சைப் பட்டை விரித்தாற்போன்ற அச்சமதரையைக் கண்டபோது, எங்கள் சரிவு நிலமே எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. 'சேலம்! சேலம்!' என்று ஆயிரம் குரல்கள் எழுந்தபோது என் குரலும் அவற்றோடு கலந்தது. அன்று முதல் நான் அவ்வணியின் அன்பன் ஆனேன்.

கல்லூரியில் என் தோழர் பலர் சென்னைப் பேரணியைப் போற்றுபவர்கள். அவர்கள் என்னை நோக்கி நகைப்பார்கள். "தூத்துக்குடியிலிருந்து வந்த அணி, ஆட்டக்காரர்களோ எல்லா ஊரிலிருந்தும் வந்தவர்கள். இதில் உன்னுடையது எது?" என்று வினவுவார்கள். அவ்வினாவுக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை.

2023ஆம் ஆண்டு சூன் மாதம் 13ஆம் நாள் கோயம்புத்தூரில் எங்கள் அணி சேப்பாக்கம் அணியை எதிர்த்து ஆடியது. விடுதியறையில் நாங்கள் பதின்மர் கூடி அதனைக் கண்டோம். சேப்பாக்கத்தார் முதலில் மட்டை பிடித்தனர். இருபதாம் ஓவரை எங்கள் அணித் தலைவர் அபிஷேக் தன்வர் வீசினார். ஐந்து பந்துகள் முடிந்து ஒரே ஒரு பந்து எஞ்சியிருந்தது. அவர் வீசிய பந்து குச்சிகளைச் சிதறடித்தது. நான் துள்ளி எழுந்தேன். ஆனால் அவர் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துவிட்டார். அது நோ-பால் என்று நடுவர் அறிவித்தார். எதிரணிக்கு ஓர் ஓட்டம் கிட்டியது. பந்தை மீண்டும் வீச வேண்டும். மறுபடி வீசினார், அதுவும் நோ-பால், அத்துடன் ஆறு ஓட்டம் அடிக்கப்பட்டது. மூன்றாம் முறையும் நோ-பால். மட்டை பிடித்தவர்கள் இரண்டு ஓட்டம் ஓடினர். நான்காம் முறை பந்து எட்டாத தொலைவில் விலகிச் சென்று வைடு ஆயிற்று. ஐந்தாம் முறை முறையான பந்து விழுந்தது. அதுவும் எல்லைக்கு அப்பாற் பறந்து ஆறு ஓட்டம் ஆயிற்று. கணக்கிட்டுப் பாருங்கள்: 1, 7, 3, 1, 6. ஒரே பந்துக்கு 18 ஓட்டங்கள்! சேப்பாக்கத்தார் 217 ஓட்டங்கள் குவித்தனர். எங்கள் அணியினர் 165 ஓட்டங்கள் எடுத்து, 52 ஓட்ட வேறுபாட்டில் தோற்றனர்.

மறுநாட் காலையில் அந்த ஒரு பந்தின் செய்தி நாடெங்கும் பரவிவிட்டது; பிற நாட்டுச் செய்தித்தாள்களிலும் வந்தது. உணவுக்கூடத்தில் ஒருவன் என்னைச் சுட்டி, "இவன் அந்தப் பதினெட்டு ஓட்ட அணியின் ஆள்" என்றான். சூழ இருந்தோர் கொல்லென்று நகைத்தனர். நான், "இல்லை, இல்லை. எனக்கும் அவ்வணிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பொழுதுபோக்காகவே பார்த்தேன்" என்று கூறிவிட்டேன்.

கூறிய அப்பொழுதே நெஞ்சு சுட்டது. ஏன் சுட்டது என்பதும் எனக்கு விளங்கிற்று. கல்லூரியிற் சேர்ந்த முதல் நாள் "எந்த ஊர்?" என்று கேட்டவர்களிடம், "சேலம்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மலையூரான் என்று இகழ்வார்களோ என்று அஞ்சி மாரமங்கலத்தின் பெயரை விழுங்கிவிட்டேன். ஊரை மறைத்த அதே நாவுதான் இன்று அணியையும் மறுத்தது.

அன்று மாலையில் மற்றொரு செய்தியும் படித்தேன். கடைசி ஓவருக்குத் தாமே பொறுப்பு என்றும், மூத்த பந்துவீச்சாளராகிய தாம் அத்தனை நோ-பால்கள் வீசியது வருந்தத்தக்கது என்றும் தன்வர் வெளிப்படையாகக் கூறியிருந்தார். தவறியவர் உலகறியத் தம் தவற்றை ஏற்று நின்றார். ஒரு தவறும் செய்யாத நானோ ஓடி ஒளிந்தேன்.

அவ்வார இறுதியில் ஊருக்குச் சென்றேன். மழைக்காலத் தொடக்கம் ஆதலால் என் தந்தையார் காப்பி நாற்றுகளை நட்டுக்கொண்டிருந்தார். நான் குழியில் மண்ணைத் தள்ளிக் கொடுத்தேன்.

"என்ன தம்பி, முகம் வாடியிருக்கிறதே?" என்றார்.

நடந்ததைக் கூறினேன். கிரிக்கெட்டைப் பற்றி அவர் அதிகம் அறியாதவர். ஒரு பந்தில் எவ்வாறு பதினெட்டு ஓட்டம் வரும் என்று வியந்தார். கூழாங்கற்களை வரிசையாக வைத்து விளக்கினேன். கூர்ந்து கேட்டுவிட்டு, "நான்கு முறை தவறியபின் அந்தப் பிள்ளை பந்தைப் போட்டுவிட்டுப் போகவில்லையா?" என்று வினவினார்.

"போக முடியாது அப்பா. முறையான பந்து ஒன்று விழும் வரையில் ஓவர் முடியாது."

"அப்படியானால் ஐந்தாம் முறையும் ஓடி வந்தானா?"

"வந்தார்."

"அத்தனை பேர் பார்க்க ஐந்தாம் முறையும் ஓடி வந்தானே, அதை ஒருவரும் எண்ணவில்லையா?" என்றார் தந்தையார்.

எனக்குப் பேச்சு எழவில்லை. பின்னர், உணவுக்கூடத்தில் நான் கூறிய சொற்களையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சினக்கவில்லை. நாற்றின் அடியில் மண்ணை மிதித்தவாறே, "காப்பி பூப்பதற்கு வேண்டிய மழை பொய்த்த ஆண்டு உனக்கு நினைவிருக்கிறதா? செடியிற் காயே இல்லை. அந்த ஆண்டும் களை எடுத்தோம், கவாத்துச் செய்தோம். 'இது யார் தோட்டம்?' என்று வழிப்போக்கர் கேட்டபோது, 'என்னுடையது இல்லை' என்று நான் சொல்லியிருந்தால், இன்று இந்தத் தோட்டம் நமக்கு இருக்குமா, தம்பி?" என்றார்.

தோழர்களின் வினாவுக்கு விடையும் அத்தோட்டத்திலேயே எனக்குக் கிடைத்தது. காப்பி எங்கள் மலையிற் பிறந்ததன்று. 1820களில் சேலத்தின் ஆட்சித்தலைவராக இருந்த காக்பர்ன் என்பவரே அதனைச் சேர்வராயன் மலைக்குக் கொணர்ந்தார். அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக்கு ஆசுதிரேலிய நாட்டு மரம். வந்தவற்றை நட்டு, மழையிலும் வெயிலிலும் காத்து, தலைமுறை தலைமுறையாக உடனிருந்தமையால் அவை எங்களுடையவை ஆயின. ஓர் அணியும் அவ்வாறே ஓர் ஊரின் உடைமை ஆகின்றது. உடனிருத்தலே உரிமையைத் தருகின்றது.

இவ்வுண்மை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தின் வடபகுதியில் ரக்பி லீக்கு என்னும் ஆட்டம் உண்டு. வேலைக்குச் செல்லாமல் விளையாட வந்த தொழிலாளர்க்கு, இழந்த கூலியை ஈடு செய்ய வேண்டும் என்னும் வழக்கில் 1895ஆம் ஆண்டிலே பிரிந்து தோன்றிய ஆட்டம் அது. அங்கே ஃபெதர்ஸ்டன் என்னும் சிறிய சுரங்க ஊரின் அணி, 1983ஆம் ஆண்டின் கோப்பை இறுதிப் பந்தயத்தில், பெருநகராகிய ஹல்லின் அணியை 14–12 என்னும் கணக்கில் வென்றது. ஈராண்டுகளில் அவ்வூரின் சுரங்கம் மூடப்பட்டது. பிழைப்புத் தந்த தொழில் போயிற்று; பின்னர் அணியும் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. ஆயினும் அவ்வூர் மக்கள் பல்லாண்டுகள் மைதானத்துக்கு வந்தவண்ணம் இருந்தனர். தங்கள் ஊரின் பெயரை உரக்கச் சொல்லுதற்கு அவர்களுக்கு வாய்த்த இடம் அதுவாயிற்று.

விடுதிக்குத் திரும்பியதும், என்னை நகைத்த தோழனிடம் சென்று, "நான் அன்று பொய் சொன்னேன். அவ்வணி என்னுடையதே. என் ஊரும் சேலம் அன்று, மாரமங்கலம்" என்றேன். அவன் சிறிது நேரம் என்னைப் பார்த்தான். பிறகு, "மாரமங்கலம் எங்கே இருக்கிறது? விடுமுறையில் ஒரு முறை அழைத்துச் செல்" என்றான். நான் அஞ்சிய இகழ்ச்சி அவ்வளவே!

2024ஆம் ஆண்டில் என் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு வாழப்பாடிக்குச் சென்றேன். அவர் மைதானத்தை நெடுநேரம் நோக்கி, "இவ்வளவு சமதரையா!" என்று வியந்தார். எங்கள் அணியினர் ஆட்டமிழந்தபோதெல்லாம், மற்றவர் வாளா இருக்க, அவர் மட்டும் மெல்லக் கைதட்டினார். நானும் சேர்ந்து தட்டினேன். அவ்வாண்டும் எங்கள் அணி முதல் நான்கு இடங்களுள் வரவில்லை. திரும்பும் வழியில் மலைப்பாதையெங்கும் மூடுபனி. பேருந்தின் சாளரத்தருகே அமர்ந்திருந்த தந்தையார், "அடுத்த பந்தயம் எப்போது, தம்பி?" என்று கேட்டார்.

சென்ற ஆண்டு அவர் நட்ட நாற்றுகள் அன்றும் காய்க்கவில்லை. காப்பி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவர் நாள்தோறும் சென்று அவற்றைப் பார்த்து வந்தார்.