பெயரறியா எலும்புகள்

முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் 2023 யூன் 29 ஆம் நாள், குடிநீர்க் குழாய் பதிப்பதற்காக நிலத்தைத் தோண்டினர். வெளிப்பட்டவை மனித எலும்புகள். நீதிமன்றக் கட்டளைப்படி நடைபெற்ற அகழ்வு 2024 யூலையில் முடிவுற்றபோது, மீட்கப்பட்டோர் தொகை 52 ஆயிற்று.

எலும்பு பேசுமோ என ஐயுறுவோர் உளர். பேசும். இடுப்பெலும்பு ஆணா பெண்ணா என்பதைக் கூறும். பல் வயதைக் கூறும். துளைபட்ட மண்டையோடு இறந்த வகையைக் கூறும். பெயரை மட்டும் அது தானாகக் கூறுவதில்லை. பெயர் தெரியாதவருக்காகக் கொலை வழக்கை நடத்துவது எங்ஙனம்? தாயோ உடன்பிறந்தாரோ ஒரு துளி இரத்தம் ஈந்தால், மரபணுவை ஒப்பிட்டு அறியலாம். இராணுவ ஆட்சியில் ஆயிரக்கணக்கானோரை இழந்த ஆர்ஜென்டீனாவில், 1984 இல் தோன்றிய ஆய்வுக் குழுவொன்று இவ்வழியால் பலருக்குப் பெயரை மீட்டுக் கொடுத்தது.

கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலில், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20 இல் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்களுட் பலர் இன்று உயிருடன் இல்லை. தாளில் உலர்த்திய இரத்தத் துளியோ பல்லாண்டு கெடாதிருக்கும்.

இதனை அங்கு ஒரு மூதாட்டியிடம் கூறினோம். மகனின் படத்தை மடியில் வைத்திருந்த அவர் உடனே கையை நீட்டினார்.

“அப்ப இப்பவே எடுத்து வையுங்கோ தம்பி. நான் கனகாலம் இருக்கமாட்டன்.”