45 வயதில் கிளம்பிய காமெடியன்: ஒரு தோணிப் பயணம் கற்றுத்தந்த தொழில் ரகசியம்!

துபாயிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் மூன்று மணி நேரம். மைக்கேல் பேலின் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் 1988-ல் அந்தத் தூரத்தை ஒரு மரக்கப்பலில் கடந்தார். ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. தூத்துக்குடியில் நாம் 'தோணி' என்போமே, அதற்கு அரபிக்கடல் பக்கத்துச் சொந்தக்காரன் அந்தக் கப்பல். பெயர் 'அல் ஷர்மா'. மாலுமிகள் எல்லோரும் குஜராத்திகள். குளிரூட்டிய அறை, கட்டில் எதுவும் கிடையாது. மேல்தளத்தில் விரித்துப் படுக்க வேண்டியதுதான். கழிப்பறை என்பது கப்பலின் பின்பக்கம் கடலுக்கு மேலே தொங்கிய ஒரு மரப்பெட்டி!

பிற்பாடு வட துருவம், சஹாரா, இமயமலை என்று உலகமே சுற்றிவிட்டார் பேலின். ஆனாலும் மனதுக்கு நெருக்கமான பயணம் எது என்று பேச்சு வந்தால் இந்த ஒரு வாரத்துக்குத்தான் அடிக்கடி திரும்புவார்.

யார் இந்த பேலின்?

'பைத்தான்' என்ற கணினி மொழியை நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்களே, அந்தப் பெயர் பாம்பிலிருந்து வரவில்லை. 'மான்ட்டி பைத்தான்' என்ற நகைச்சுவைக் குழுவின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து வந்தது. 1969-ல் தொடங்கிய அந்தக் குழுவின் ஆறு பேரில் பேலினும் ஒருவர். செத்த கிளியை உயிரோடு இருப்பதாகச் சாதிக்கும் கடைக்காரர் வேடம் இன்றும் பேசப்படுகிறது.

பிறந்தது 1943-ல், எஃகு ஆலைகள் நிறைந்த ஷெஃபீல்டு நகரத்தில். ஆக்ஸ்ஃபோர்டில் வரலாறு படித்தார். சிறுவயதிலிருந்தே ரயில் பைத்தியம்.

ஜூல்ஸ் வெர்னின் '80 நாள்களில் உலகைச் சுற்றி' நாவலைப் போலவே விமானம் ஏறாமல் உலகைச் சுற்றும் ஒரு தொடரை பி.பி.சி. திட்டமிட்டது. அதற்கு பேலின் முதல் தேர்வு இல்லை. வேறு சிலர் முடியாது என்று சொன்ன பிறகுதான் இவருக்கு அழைப்பு வந்தது. இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அப்போது அவருக்கு 45 வயது. 'எ ஃபிஷ் கால்டு வாண்டா' படம் அதே ஆண்டு வெளியாகிப் பெரிய வெற்றி பெற்றது. சினிமாவிலேயே நின்றிருக்கலாம். இவர் பெட்டியைக் கட்டினார்.

நடிப்பு கரைந்த இடம்

பயணத்தின் தொடக்கத்தில் பேலினுக்கு ஒரு குழப்பம். கேமரா முன்னால் யாராக இருப்பது? நாவலின் கதாநாயகனாகவா, ஜோக் சொல்லும் காமெடியனாகவா, தகவல் சொல்லும் தொகுப்பாளராகவா? நடிகனுக்கு வேடம் இல்லாமல் நிற்பதுதானே கஷ்டம்!

தோணியில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. அங்கே இருந்த யாருக்கும் அவரைத் தெரியாது. மொழியும் பெரிதாக உதவவில்லை. தன்னுடைய வாக்மேனை ஒரு மாலுமியின் காதில் மாட்டி மேல்நாட்டுப் பாட்டு கேட்க வைத்தார். வயிறு கெட்டு அவர் சுருண்டு படுத்தபோது பார்த்துக்கொண்டவர்களும் அந்த மாலுமிகள்தான். பம்பாயில் பிரியும்போது அவர் கண் கலங்கியதில் நடிப்பு இல்லை.

முழுத் தொடருக்கும் ஏழு பாகங்கள்தான். அதில் ஒரு பாகம் முழுவதையும் இந்தக் கடல் பயணமே எடுத்துக்கொண்டது. பெரிய சம்பவம் எதுவும் நடக்காத ஒரு வாரம்தான் பார்த்தவர்கள் மனதில் நின்றது.

பம்பாயிலிருந்து ரயிலில் நம்ம மெட்ராஸுக்கு வந்தார். இங்கிருந்து சரக்குக் கப்பலில் சிங்கப்பூர் போனார். கடைசியில் 79 நாள் 7 மணி நேரத்தில் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

20 வருடம் கழித்து 2008-ல் அவர் திரும்பி வந்தார். கடற்கரை ஓரம் மரக்கப்பல் கட்டும் குஜராத்தின் மாண்ட்வி ஊருக்கே போய், பழைய மாலுமிகளைத் தேடிச் சந்தித்தார். முகம் சுருங்கி, தலை நரைத்திருந்தாலும் பாசம் அப்படியே இருந்தது.

காத்திருக்கத் தெரிந்தவர்

முன்பின் தெரியாதவர்களிடம் இவருக்கு எப்படி இவ்வளவு எளிதாக ஒட்டுகிறது? இதற்கு அவர் பிறந்த வீட்டில் ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பேலினின் அப்பா ஒரு இன்ஜினீயர். வாழ்நாள் முழுக்கத் திக்கிப் பேசியவர். அப்பா ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருந்து வளர்ந்த பிள்ளை இவர். 'வாண்டா' படத்தில் திக்கிப் பேசும் பாத்திரத்தில் நடித்தபோது அப்பாவின் நினைவுதான் கை கொடுத்தது. திக்கிப் பேசும் குழந்தைகளுக்காக லண்டனில் 1993-ல் தொடங்கிய மையத்துக்கு இவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அடுத்தவர் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் இருக்கும் பழக்கம் பயணத்தில் எத்தனை கதவுகளைத் திறக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் வேலைக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

* முதல் தேர்வாக இல்லையே என்று சுணங்க வேண்டாம். வேறு சிலர் வேண்டாம் என்று விட்ட வேலைதான் பேலினுக்கு இரண்டாவது வாழ்க்கை ஆனது. வாய்ப்பு எந்த வரிசையில் நம்மிடம் வந்தது என்பதைப் பார்க்கிறவர்கள் பின்னால் மறந்துவிடுவார்கள்.

* தினமும் எழுதுங்கள். 1969 ஏப்ரலில் சிகரெட்டை விட்ட கையோடு டைரி எழுதத் தொடங்கினார் பேலின். மான்ட்டி பைத்தான் அப்போது உருவாகவே இல்லை. பிற்பாடு அந்த டைரிகள் பல தொகுதிகளாகப் புத்தகமாயின. பயண நூல்களுக்கும் அந்தக் கைப்பழக்கம்தான் அஸ்திவாரம்.

* பழைய திறமையைத் தூக்கிப் போடாதீர்கள். பேலின் காமெடியை விடவில்லை. அடுத்தவரைக் கேலி செய்யாமல் தன்னையே கேலி செய்துகொண்டார். அதனால்தான் எந்த ஊரிலும் மக்கள் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

* திட்டம் உடைந்தால் பயணத்தை நிறுத்தாதீர்கள். 1991-ல் வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை போன பயணத்தில், ஜாம்பேசி ஆற்றில் அவருக்கு விலா எலும்பில் விரிசல் விழுந்தது. அன்டார்டிகா போக நம்பியிருந்த கப்பலில் இடம் கிடைக்கவில்லை. தென் அமெரிக்காவின் சிலி வழியாகச் சுற்றிப் போய்த் துருவத்தைத் தொட்டார்.

வயது ஒரு தடையா?

75-வது பிறந்தநாளை வட கொரியாவில் கேக் வெட்டிக் கொண்டாடினார் பேலின். 2019-ல் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகும் ஈராக் போனார். 2023-ல், 57 வருடம் கூடவே வாழ்ந்த மனைவி ஹெலன் காலமானார். ஒவ்வொரு பயணம் முடிந்தும் அவர் திரும்பி வந்த வீடு அது. அந்த இழப்புக்கு அடுத்த வருடம், 80 வயதில், நைஜீரியாவின் தெருக்களில் மறுபடி கேமராவோடு நின்றார்.

துக்கத்தை மறக்கப் போனார் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால், அந்த வயதிலும் புதிதாக ஒருவரைச் சந்தித்து, 'நீங்க எந்த ஊரு, என்ன வேலை பார்க்குறீங்க?' என்று கேட்கும் ஆசை அவருக்கு வற்றவில்லை என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதற்குப் பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை. அடுத்த முறை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறும்போது, செங்கல்பட்டு வரைக்குமாவது போனைப் பையில் வைத்துவிட்டு எதிர் சீட்டில் இருப்பவரிடம் இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள்.