சிறுசேரியில் ஒரு விறகுக் கடை

சிறுசேரிக்குப் போகிறேன் என்று சொன்னதும் அடுத்த வீட்டு நண்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த வயசிலே கம்ப்யூட்டர் உத்தியோகமா, ஓய்?" என்றார்.

"இல்லை, விறகுக் கடை பார்க்கப் போகிறேன்" என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதாமல் விடுவதே மரியாதை.

நீங்களும் என்னோடு வாருங்கள். தாம்பரத்தில் பஸ் ஏறினோமானால், வண்டலூர் மிருகக்காட்சி சாலை வந்ததும் வண்டி கிழக்கே திரும்பிவிடும். பிறகு கொளப்பாக்கம், மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஒரே 'பாக்க'மயம். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் பத்து மாடிக் குடியிருப்பு. கண்ணை மூடித் திறப்பதற்குள் இரண்டும் இடம் மாறிவிடும். கேளம்பாக்கத்தில் இறங்கி, பழைய மாமல்லபுரம் சாலையில் வடக்கே வந்து படூரைத் தாண்டினால் சிறுசேரி. மேற்கே சிப்காட் வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள் வெயிலில் பளபளக்கின்றன. கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு இளைஞர்களும் யுவதிகளும் சாரிசாரியாகப் போகிறார்கள். இங்கே விறகுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம்.

கொஞ்சம் கிழக்கே திரும்பிப் பாருங்கள். அதோ தெரிகிறதே, அதுதான் பக்கிங்ஹாம் கால்வாய். 1806-இல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. தெற்கே மரக்காணம் வரையில் நீண்டு, தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1878-இல், அப்போதைய கவர்னரின் பெயரைப் பெற்றது. உப்பும் அரிசியும் விறகும் இதில் தோணிகளில் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கொண்டு நடப்பார்கள். இன்றைக்கு ராக்கெட் கிளம்புகிற ஸ்ரீஹரிகோட்டா இருக்கிறதே, அந்தத் தீவுக் காட்டு விறகுதான் ஒரு காலத்தில் சென்னைப் பட்டணத்து அடுப்புகளை எரித்தது. அங்கே ராக்கெட், இங்கே கம்ப்யூட்டர். விறகு விளைந்த மண்ணுக்கு என்ன யோகமோ தெரியவில்லை!

சவுக்கு மட்டும் இந்தச் சீமை மரம் அல்ல. ஆஸ்திரேலியாவிலும் கீழைத் தீவுகளிலும் வளருகிற மரம். 19-ஆம் நூற்றாண்டில், இங்கிலீஷ் நிலக்கரி யானை விலை விற்றபோது, ரயில் எஞ்சினுக்கு எரிபொருள் வேண்டுமென்று நம் கடற்கரை மணலில் இதைக் கொண்டுவந்து நட்டார்கள். எஞ்சின் மறந்துவிட்டது, மரம் நின்றுவிட்டது. இப்போது காகித ஆலைக்காரர்களும், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்களும் எடுத்தது போக மிச்சந்தான் அடுப்புக்கு.

நான் தேடிப் போன கடை சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். 'பேரு கீரு போட்டுடாதீங்க' என்று பெரியவர் சொல்லிவிட்டார். சவுக்குக் கட்டைகள் ஒரு பக்கம், பிளந்த வேலமர விறகு ஒரு பக்கம், மூலையில் ஒரு பிரம்மாண்டமான புளிய அடிக்கட்டை. அதில் இரும்பு ஆப்பை வைத்து ஒரு வாலிபர் சம்மட்டியால் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"இப்போதும் வீட்டுக்காரர்கள் விறகு வாங்குகிறார்களா, ஐயா?" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு ஏது ஸார்? 2007-லே கவர்ன்மெண்டு இலவசமா காஸ் அடுப்பு குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்பவே பாதிப் பேரு போயிட்டாங்க. மிச்சம் இருந்தவங்க அப்பறம் ஒவ்வொருத்தரா போனாங்க. இப்ப வர்றது கல்யாண சமையல்காரங்க, பிரியாணிக் கடை, டீக்கடை. பொங்கலுக்கு ரெண்டு நாளு ஊரே வரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அதிலிருந்து பிரியாணி மாஸ்டர் ஒருவர் இறங்கினார். வாசகர்களே, விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நான் அதை அன்று கண்ணால் கண்டேன்.

மாஸ்டர் ஒரு கட்டையை எடுத்து முனையைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்து, இரண்டையும் ஒன்றோடொன்று தட்டினார். 'தொப்' என்று சத்தம் வந்தது.

"தண்ணி விக்கிறியா, வெறகு விக்கிறியா?"

"அந்தக் கட்டை நேத்து வந்தது. இதைத் தட்டிப் பாரு."

தட்டினார். 'ணங்' என்றது. ஆனாலும் மாஸ்டர் முகம் மலரவில்லை. பட்டை கனம் என்றார், கோணல் என்றார், போன தடவை புகை அடித்துத் 'தம்' கெட்டுப் போயிற்று என்றார், கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைத்துக் கொள் என்றார். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாரே தவிர, விலையை மட்டும் அசைக்கவில்லை. அரை மணி நேரம் நடந்தது இந்த வழக்கு. கடைசியில் மாஸ்டர், "உன்கிட்டே வந்தேன் பாரு!" என்று தன்னையே நொந்துகொண்டு, கேட்ட விலையைக் கொடுத்து, கேட்டதற்கு மேல் இரண்டு கட்டையைத் தானே தூக்கி லாரியில் போட்டுக்கொண்டு போனார்.

மாஸ்டர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பச்சை மரத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்கு, சில மரங்களில் பாதிகூட, வெறும் தண்ணீர். கடைக்காரர் எடைக்கு விற்கிறார். வாங்குகிறவருக்கு வேண்டியதோ நெருப்பு. தண்ணீருக்கும் காசு கொடுத்து வாங்கிப் போய், அந்தத் தண்ணீரைச் சுண்ட வைப்பதற்கு மறுபடியும் விறகை எரிக்க வேண்டும்! வீசையும் மணங்கும் புழங்கிய காலத்திலேயே இந்தச் சண்டை உண்டு. ஒரு மணங்கு என்றால் 8 வீசை, நம் கணக்கில் பதினொரு கிலோவுக்குச் சற்று மேல். 1958 முதல் படிப்படியாகக் கிலோ வந்தது, படிக்கல் மாறியது, பிறகு தராசே மாறி, மின்சாரத்தில் எண் காட்டுகிற மேடை வந்தது. அந்த மேடையும் தண்ணீரைச் சேர்த்துத்தான் நிறுக்கிறது.

சரி, கடைக்காரரின் பக்கத்தையும் கேளுங்கள். காய வைக்க மாதக் கணக்கில் இடம் வேண்டும். காயக் காய எடை குறையும். அந்த நஷ்டம் அவருடையது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்துவிட்டால் காய்ந்ததும் நனைந்துவிடும். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததே, அப்போது சென்னை முழுக்க மரங்கள் விழுந்தன. "சும்மாக் கெடைக்கிற மரத்துக்கு நீ வெலை சொல்றியேன்னு சண்டைக்கு வந்தாங்க ஸார். அத்தனையும் பச்சை! அதை அடுப்புலே வெச்சுட்டு, மறுநாளு கண்ணு செவக்க இங்கேயே வந்து நின்னாங்க" என்று சிரித்தார் பெரியவர்.

கல்யாண சமையல்காரர்கள் வேறு ரகம். மீந்த விறகைத் திருப்பிக் கொடுத்துக் காசு கேட்பார்களாம். முகூர்த்தத்தில் காப்பி தாமதமானால் பழி விறகின் மேல். சிப்காட் இளைஞர்களும் சில சமயம் சனிக்கிழமைகளில் வருவதுண்டு; நிலா வெளிச்சத்தில் நெருப்பு மூட்டிக் குளிர்காய ஐந்து கிலோ வேண்டுமாம். நம் ஊரில் குளிர் எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. "கட்டையிலே பூச்சி இருக்குமா அங்கிள்னு கேட்டுச்சு ஒரு பொண்ணு. இருந்தா சேத்து எரியும்மான்னேன். வாங்காமலே போயிடுச்சு!"

"உங்களிடம் வந்தவர்களிலேயே மகா கஷ்டமான ஆசாமி யார்?" என்று கேட்டு வைத்தேன்.

சிரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திக்கொண்டார். சம்மட்டி அடித்த வாலிபருக்கு ஏதோ வேலை சொல்லி அனுப்பினார்.

"2015 டிசம்பர் வெள்ளம் ஸார். இந்த இடமெல்லாம் தண்ணி. கட்டை மெதக்குது. முழங்கால் தண்ணியிலே ஒரு ஆளு வந்தாரு. அம்மா தவறிட்டாங்க, வெறகு வேணும்னாரு. மின்சாரச் சுடுகாட்டுக்கு எடுத்துப் போவ வழியில்லே. என்கிட்டே ஒரு கட்டைகூடக் காஞ்சது இல்லே. இல்லேன்னு சொல்ல வாய் வரலே. இருந்ததுலே மேலாப்புலே கெடந்ததைப் பொறுக்கி, கெரசின் ஒரு டின்னும் குடுத்து அனுப்பினேன். காசு வேணாம்னேன்."

"பிறகு?"

"ஒரு வாரம் கழிச்சுக் காசை எடுத்துக்கிட்டு வந்தாரு. எரிஞ்சுதா தம்பின்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஆச்சுங்கன்னாரு. அவ்வளவுதான். காசை வெச்சுட்டுப் போயிட்டாரு. பிரியாணிக்காரன் மாதிரி நாலு வார்த்தை திட்டியிருந்தா தேவலை ஸார்."

பெரியவர் எழுந்து என்னைக் கொட்டடிக்குப் பின்புறம் அழைத்துக்கொண்டு போனார். இடுப்பு உயரத்துக்குச் செங்கல் மேடை; மேலே தகரக் கூரை; நாலு பக்கமும் காற்று வரும்படி அடைப்பு. உள்ளே ஒரே சீராகப் பிளந்து அடுக்கிய சவுக்கு, வெளுத்துப்போய், முனையெல்லாம் வெடித்திருந்தது. மாஸ்டர் இதற்கு இரண்டு பங்கு விலை பேசிப் பார்த்தாராம், நடக்கவில்லை.

"இதுக்கு மட்டும் பேரம் கெடையாது. எவ்வளவுன்னு நான் சொல்றதும் கெடையாது" என்றவர், இரண்டு கட்டைகளை உருவி என் காதுக்கு அருகே தட்டிக் காட்டினார். வெண்கலத்தைத் தட்டினாற்போல் இருந்தது.

"கேட்டுதா ஸார்?" என்றார்.

கேட்டது என்றேன். அவர் கட்டைகளை எடுத்த இடத்திலேயே, எடுத்த வரிசையிலேயே திரும்பச் செருகினார். வடக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் வாலிபரைக் கூப்பிட்டுத் தார்ப்பாயை எடுத்து வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.