சத்தியம் செய்யாத டீச்சர்

காலை எட்டே கால் மணி. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் பிள்ளைகள் வரிசையாகத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். திங்கட்கிழமை என்பதால் உப்புமா, சாம்பார். எல்லோரும் ஊதி ஊதிச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் இரண்டு வாய் சாப்பிட்டாள். மீதியைப் பையில் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் அள்ளிப் போட்டு மூடினாள்.

தலைமையாசிரியை அதைப் பார்த்தார். பசி இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வருகைப் பதிவேட்டை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாளும் டப்பா. அதற்கு மறுநாளும் அதே டப்பா. நான்காம் நாள் டீச்சர் சும்மா நடப்பதுபோல அவள் பின்னாலேயே போனார். பக்கத்து அங்கன்வாடி வாசலில் அவளுடைய தம்பி நின்றுகொண்டிருந்தான். டப்பாவைத் திறந்து அவனுக்கு ஊட்டத் தொடங்கினாள் அக்கா.

"வீட்டுல சாப்பிடலையாடா?" என்று கேட்டார் டீச்சர்.

"ராத்திரியே சாப்பிடல" என்றான் பையன். அக்கா அவன் தொடையில் கிள்ளினாள்.

திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி அது. (குழந்தையின் நலன் கருதி ஊர், பெயர் எதுவும் இங்கே சொல்லப்படவில்லை.) ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள். ஊரில் பாதி வீடுகளில் பெண்கள் நூற்பாலை வேலைக்குப் போகிறார்கள். நைட் ஷிஃப்ட் வாரத்தில் அம்மாக்கள் சாயங்காலம் மில் வேன் ஏறினால், விடிந்த பிறகுதான் வீடு திரும்புவார்கள்.

நீட்டிய கை

அடுத்த வாரம் அவள் வலது முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தடிப்பு தெரிந்தது. கேட்டதற்கு, "கீழ விழுந்துட்டேன் டீச்சர்" என்றாள். கீழே விழுந்தால் தோல் சிராய்த்திருக்கும். இது பெல்ட் அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

அன்று நான்கு மணிக்கு மணி அடித்தும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. வகுப்பறையைக் கூட்டினாள், பெஞ்சை நேராக்கினாள், அழித்த போர்டையே மறுபடி அழித்தாள். பிறகு டீச்சர் மேஜைக்கு அருகே வந்து உள்ளங்கையை நீட்டினாள்.

"ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

டீச்சரின் கை தானாகவே எழுந்தது. பாதியில் நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, வேறொரு பள்ளியில், ஒரு சிறுவன் இதே மாதிரி கையை நீட்டியிருந்தான். அன்று அவர் யோசிக்காமல் அடித்துச் சத்தியம் செய்தார். வீட்டில் விழும் அடியைப் பற்றி அவன் சொன்னான். அவரும் வாக்கைக் காப்பாற்றினார், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் பள்ளிக்கு வருவது நின்றது. குடும்பமே ஊரை விட்டுப் போய்விட்டது என்றார்கள். அவனுக்கு என்ன ஆனது என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. காப்பாற்றிய அந்த ஒரு வாக்கு பன்னிரண்டு வருடமாக அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

"சத்தியம் பண்ண முடியாது தங்கம்" என்றார் டீச்சர். "உனக்கு யாராவது உதவணும்னா, அவங்ககிட்ட நான் சொல்லித்தான் ஆகணும். ஆனா உன்கிட்ட சொல்லாம யாருகிட்டயும் பேச மாட்டேன். வகுப்புல யாருக்கும் தெரியாது. அது மட்டும் நிச்சயம்."

அவள் கையை மடக்கிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள்.

அன்றிரவு டீச்சருக்குத் தூக்கம் வரவில்லை. வாய் திறக்க வந்த குழந்தையை நாமே மூடிவிட்டோமோ என்று புரண்டுகொண்டிருந்தார். விடிந்ததும் முதல் ஆளாகப் பள்ளிக்குப் போனார். வாசற்படியில் தம்பியோடு உட்கார்ந்திருந்தாள் அவள்.

"சொல்லிக்கோங்க டீச்சர். ஆனா எங்கம்மாவைத் திட்டக் கூடாது."

லோடு ஏற்றும் வேலையில் கால் உடைந்து வீட்டோடு முடங்கியவர் அப்பா. பிறகு குடி. அம்மா நைட் ஷிஃப்ட் போகும் வாரங்களில் குடித்துவிட்டு வந்து அடிப்பார். சத்தம் கேட்டதும் இவள் தம்பியை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். சோற்றுப் பானை வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

டீச்சர் குறுக்கே பேசவில்லை. 'ஏன் முன்னாடியே சொல்லலை' என்று கேட்கவில்லை. அவள் சொன்னதை அவள் வார்த்தைகளிலேயே தேதி போட்டு எழுதி வைத்தார். பிறகு, "இப்ப ஒரு நம்பருக்கு போன் பண்ணப் போறேன், பக்கத்துலயே இரு" என்று சொல்லிவிட்டு 1098-ஐ அழைத்தார்.

பள்ளி வாசலில் ஒரு தாய்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆட்கள் வந்துபோன மறுநாள் காலை, மில் வேனிலிருந்து இறங்கிய அம்மா வீட்டுக்குப் போகவில்லை. தலையில் ஒட்டிய பஞ்சோடு நேராகப் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்.

"எங்க வீட்டு விஷயத்துல உனக்கு என்ன வேலை? என் புள்ளைங்களைப் பிரிச்சு ஹோமுக்குக் கொண்டுபோகத்தான் ஆள் விட்டியா?"

தெருவே கூடிவிட்டது. டீச்சர் பதில் சொல்லாமல் அவரை உள்ளே அழைத்துப்போய் உட்கார வைத்தார். டீ வாங்கிவரச் சொன்னார். கோபம் அழுகையாக மாற வெகு நேரம் ஆகவில்லை. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். ஆனால் வெளியே சொன்னால் பிள்ளைகள் கையை விட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். வேலையை விட்டால் அடுப்பு எரியாது.

இந்தப் பயம் அவர் ஒருவருக்கு மட்டும் உரியது அல்ல. புகார் என்றாலே பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் சொல்வது வேறு. குழந்தை வளர வேண்டிய முதல் இடம் குடும்பம். இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோதுதான்.

இங்கும் அப்படித்தான் நடந்தது. குழந்தைகள் நலக் குழு முன்பு அம்மா, பிள்ளைகள் இருவரோடும் உட்கார்ந்து பேசினார்கள். பக்கத்து ஊரிலிருந்து அம்மாச்சி வந்து வீட்டோடு தங்கினார். அப்பாவை அரசு மருத்துவமனையின் குடிபோதை மறுவாழ்வுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அடுத்த முறை கை ஓங்கினால் வழக்குதான் என்றும் சொல்லி வைத்தார்கள். மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. அதற்கும் விண்ணப்பம் எழுதினார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் டீச்சர் யார் பெயரையும் சொல்லாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நைட் ஷிஃப்ட் வாரத்துல நம்ம புள்ளைங்க யார்கூட இருக்காங்க?" கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். தனியாக இருக்கும் பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் அல்ல என்று அன்றைக்குத்தான் ஊருக்கே தெரிந்தது. எந்தப் பிள்ளை யார் வீட்டில் படுக்கும் என்று அங்கேயே ஒரு பட்டியல் போட்டார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு குழந்தை திடீரென்று பேச்சைக் குறைத்தால், வீட்டுக்குப் போகத் தயங்கினால், காயத்துக்குப் பொருந்தாத காரணம் சொன்னால், கவனியுங்கள். சொல்ல வந்தால் நம்புங்கள். போலீஸ் மாதிரி துருவித் துருவிக் கேட்காதீர்கள். ரகசியம் காப்பதாக வாக்குத் தராதீர்கள்.

1098 இலவச எண். 24 மணி நேரமும் பேசலாம். தமிழகப் பள்ளி மாணவர்களுக்கென்று 14417 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. பாலியல் தொல்லை என்றால் தயக்கத்துக்கே இடமில்லை. தெரிந்தும் தகவல் தராமல் இருப்பதே 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்ததை ஒரு நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. சிகிச்சை முடிந்து வந்த அப்பா ஒருமுறை மறுபடி குடித்தார். அன்றிரவு அம்மாச்சி கதவைத் தாழிட்டுக்கொண்டு டீச்சருக்கு போன் செய்தார். மறுநாளே அவரைத் திரும்பவும் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அம்மா இப்போது டீச்சரிடம் பேசுகிறார். முழுதாகச் சிரிக்கவில்லை, பேசுகிறார்.

ஜூன் மாதம் தம்பி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். முதல் நாள் காலை தாழ்வாரத்தில் அக்கா பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்தான். அவள் பையில் அந்த டப்பா இல்லை. உப்புமாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்று தட்டை நீட்டினாள்.